நான்காவது இழுப்பறையில் ஒரு காலி இடம்

காலை எட்டு மணி. தலைமை மெக்கானிக் கருவிப் பெட்டியின் பூட்டைத் திறந்தார். முதல் இழுப்பறையைப் பார்த்தார். இரண்டாவது, மூன்றாவது. நான்காவதை இழுத்தவரின் கை பாதியில் நின்றது.

கறுப்பு ஸ்பாஞ்சுக்கு நடுவே மஞ்சளாக ஒரு வட்டம். வட்டத்துக்கு நீளமாக ஒரு வால்.

"குருவி!" என்று கத்தினார். "ஏ குருவி! இங்க வா!"

விமானங்களை உள்ளே தள்ளி நிறுத்திப் பழுதுபார்க்கும் பெரிய கொட்டகை அது. ஹேங்கர் என்பார்கள். அங்கே ஒவ்வொரு கருவிக்கும் ஒரு படுக்கை உண்டு. இழுப்பறைக்குள் கறுப்பு ஸ்பாஞ்சை அந்தந்தக் கருவியின் வடிவத்துக்கே வெட்டி, அடியில் மஞ்சள் ஸ்பாஞ்சை ஒட்டியிருப்பார்கள். கருவி இருந்தால் கறுப்பு. இல்லாவிட்டால் மஞ்சள் பல்லைக் காட்டும்.

குருவி ஓடி வந்தாள். முப்பது வயது மெக்கானிக். மற்றவர்கள் தலையை நுழைக்கவே யோசிக்கும் இடுக்கில் முழு உடம்போடு நுழைந்து வெளியே வருவாள். பெயர் அதனால் வந்தது.

"கண்ணாடி எங்க?"

"நேத்து சாயங்காலமே வெச்சுட்டேன் சீஃப். வெச்சுட்டுத்தான் அந்தக் குழியில போட்டிருந்த என் பித்தளை வில்லையை எடுத்தேன்."

"வெச்சது எங்க போகும்? கால் முளைச்சு நடந்து போச்சா?"

காணாமல் போனது, நீளக் கைப்பிடியின் நுனியில் வட்டமாகப் பொருத்திய சின்னக் கண்ணாடி. கண் எட்டாத மூலைகளை எட்டிப் பார்க்க உதவுவது. தலைமை மெக்கானிக் பெட்டியிலிருந்து தலையை நிமிர்த்தி எதிரே பார்த்தார். வெள்ளை வெளேரென்று நின்றது அந்த ஜெட். ஒரே மூச்சில் கடலைத் தாண்டிக் கண்டம் விட்டுக் கண்டம் போகக்கூடியது. வாங்கியவர் ஒரு தொழிலதிபர். போன வருஷம் காலமாகிவிட்டார். இப்போது அவருடைய மகளும் மகனும் விற்கிறார்கள். வாங்கப் போகிறவர் கப்பல் கம்பெனி முதலாளி. குடும்பத்தோடு பறப்பதற்காகவே வாங்குகிறார். மதியம் ஒரு வெள்ளோட்டம், மாலையில் கையெழுத்து. இன்று மாலையைத் தாண்டினால் தான் சொன்ன விலை செல்லாது என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

தலைமை மெக்கானிக் ஒரு சிவப்பு நாடாவை எடுத்து விமானத்தின் படிக்கட்டுக்குக் குறுக்கே கட்டினார்.

"யாரும் மேல ஏறக் கூடாது. இங்க இருக்கற யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது."

விமானத்தை விற்கிற அக்கா தம்பியில், தம்பி அடுத்த நிமிஷமே போலீசுக்குப் போன் போட்டான்.

*

இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்து இறங்கியபோது ஒன்பதரை. ஐம்பதைத் தாண்டியவர். எதற்கும் அவசரப்படாதவர். ஜீப்பை விட்டு இறங்கியதுமே சட்டைப் பையையும் கைப்பையையும் தடவினார்.

"ஏட்டு, கண்ணாடியைக் காணோம்."

"அதுக்குத்தானே மேடம் வந்திருக்கோம்."

"யோவ், என் கண்ணாடி."

"உங்க தலையில இருக்கு மேடம்."

தம்பி விறுவிறுவென்று எதிரே வந்தான். நாற்பது வயது. மடிப்புக் கலையாத சட்டை. பின்னால் அவன் அக்கா, தோளில் பெரிய தோல் பையோடு. அவளுக்கும் பின்னால் தரகர், கையில் ஒன்று காதில் ஒன்றாக இரண்டு போன்களுடன்.

"இது திட்டம் போட்டு செஞ்ச சதி மேடம். இன்னைக்கு வியாபாரம் முடியக் கூடாதுன்னு யாரோ பண்ணியிருக்காங்க. எனக்கு ஆள் வேணும். யாரா இருந்தாலும் விடக் கூடாது."

"என்ன போச்சு?"

"ஒரு கண்ணாடி."

"என்ன விலை இருக்கும்?"

தம்பி தலைமை மெக்கானிக்கைப் பார்த்தான். அவர், "ஒரு ஜோடி செருப்பு விலை இருக்கும்," என்றார்.

"லாரியோட மாடுங்களைக் காணோம்னு வந்த ஆளை ஸ்டேஷன்ல உக்கார வெச்சுட்டு வந்திருக்கேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "செருப்பு விலைக் கண்ணாடிக்கு ஏன் இவ்வளவு பெரிய விமானம் நிக்கணும்? அதை எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

தலைமை மெக்கானிக் இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போல ஆரம்பித்தார்.

"ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் காணோம்னாலும் விமானம் நகராது மேடம். அது உள்ள எங்கயாவது கிடக்கலாம். மேல போனப்புறம் உருண்டு போய் ஒரு கம்பியில மாட்டினா முடிஞ்சுது கதை. அதனால தேடுவோம். அந்தக் கருவி கடைசியா எங்க வேலை செஞ்சுதோ, அங்கதான் ஆரம்பிப்போம். கம்பளம், பலகை, தரை எல்லாத்தையும் கழட்டிடுவோம். அங்க இல்லைன்னா அடுத்த இடம். நேத்து கூட டீ குடிக்கறப்போ இவங்க எல்லாருக்கும் இதைத்தான் சொன்னேன்."

"நேத்து மட்டுமா?" என்றார் தரகர். "வந்த நாள்லேர்ந்து சொல்றாரு. எனக்கு மனப்பாடம்."

"கண்ணாடி கடைசியா எங்க வேலை செஞ்சுது?"

குருவி ஓர் அடி முன்னால் வந்தாள். முகம் வெளிறியிருந்தது. "பின்னாடி பாத்ரூம்ல மேடம். தொட்டிக்குப் பின்னால ஒரு குழாய் மூட்டு இருக்கு. அதைப் பார்த்தேன். நேத்து முழுக்க என்கிட்டதான் இருந்துச்சு. வேலை முடிஞ்சு அஞ்சு மணிக்கு இழுப்பறையில வெச்சேன். சத்தியமா வெச்சேன்."

"கண்ணாடி கிடைக்கலைன்னா?"

தலைமை மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டு, "கடைசியா எடுத்தவங்க பொறுப்பு," என்றார். "இன்னைக்கே இவ லைசென்ஸை முடக்கச் சொல்லி மேல எழுதணும். அப்புறம் எந்த ஹேங்கர்லயும் இவளைச் சேர்க்க மாட்டாங்க."

"அவ்வளவு தூரம் போகுமா?" என்றாள் அக்கா சட்டென்று.

"போகும்மா."

தம்பி கையை உதறினான். "இதுல யோசிக்க என்ன இருக்கு? ராத்திரி பூரா பெட்டி பூட்டியிருந்துச்சு. சாவி இவர் இடுப்புல. வாசல் கேமராவுல ஒரு ஈ காக்கா உள்ள வரலை. அப்போ இவர், இல்லைன்னா இந்தப் பொண்ணு."

"பூட்டறதுக்கு முன்னாடி எண்ணினீங்களா?" என்று இன்ஸ்பெக்டர் தலைமை மெக்கானிக்கைக் கேட்டார்.

"எண்ணினேன் மேடம். எண்ணாம ஒரு நாள் கூடப் பூட்டினதில்லை. எல்லாம் சரியா இருந்துச்சு."

"கருவி எடுக்கற முறை என்ன?"

அலுவலகக் கதவை ஒட்டிச் சுவரில் ஒரு மரப் பலகை. அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் எண் பொறித்த பித்தளை வில்லைகள். தலைமை மெக்கானிக் அதைக் காட்டினார்.

"ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் சொந்த வில்லைங்க. கருவியை எடுத்தா அந்தக் குழியில தன் வில்லையைப் போடணும். திருப்பி வெச்சா வில்லையை எடுத்துட்டு வந்து இந்த ஆணியில மாட்டணும். யார்கிட்ட எது இருக்குன்னு பார்த்த உடனே தெரிஞ்சுடும்."

"காலையில அந்தக் குழியில வில்லை இருந்துச்சா?"

"இல்லை மேடம். வெறும் குழி."

*

விமானத்துக்குள் போக வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். நாடா அவிழ்ந்தது. படிக்கட்டின் அடியில் எல்லோரும் செருப்பையும் பூட்ஸையும் கழற்றினார்கள். உள்ளே வெளிர் நிறக் கம்பளம், அழுக்குப் படக் கூடாது. ஏட்டின் வலது காலுறையில் கட்டை விரல் வெளியே எட்டிப் பார்த்தது. அவர் அதை இடது காலால் மறைத்துக்கொண்டே படியேறியதில் ஒரு முறை தடுமாறினார்.

அக்காதான் முன்னால் நடந்து சுற்றிக் காட்டினாள்.

"இது அப்பா சீட். எதிர் சீட் என்னோடது. கடைசி ஒரு வருஷம் வைத்தியத்துக்காக மாசத்துக்கு ரெண்டு தடவை போயிட்டு வந்தோம். இந்தச் சோபாவை இழுத்தா படுக்கை ஆயிடும்."

"தம்பி வருவாரா?"

"அவனுக்கு ஆபீஸ்," என்றாள். பாத்ரூம் கதவுக்கு முன்னால் ஒரு நீள எட்டாக எடுத்து வைத்துக் கதவைத் திறந்தாள். "இதுதான் நீங்க கேட்ட இடம்."

ஏட்டு அவள் பின்னாலேயே போய்க் கதவடியில் நின்று கம்பளத்தை மிதித்துப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை ஓங்கி மிதித்தார். "புதுக் கம்பளம் மேடம். அடியில பலகையும் புதுசு போல. என் வீட்டுத் தரை கூட இவ்வளவு கெட்டி இல்லை."

"குதிக்காதே ஏட்டு. வாங்கறவங்க பயந்துடுவாங்க."

வாங்குகிறவரின் ஆள் கதவோரம்தான் நின்றுகொண்டிருந்தார். பழைய விமானங்களை வாங்குமுன் சோதித்துச் சொல்வது அவர் தொழில். சாப்பிடும்போதுகூடக் கையில் டார்ச் இருப்பதால் ஹேங்கரில் அவருக்கு டார்ச் என்றே பெயர். இப்போதும் ஏட்டை விலக்கிவிட்டு அதே இடத்தில் இரண்டு காலையும் ஊன்றி நின்று தொட்டியின் பின்னால் வெளிச்சம் அடித்தார்.

"இந்தக் குழாய் மூட்டைத்தான் அந்தப் பொண்ணு பார்த்துச்சு. மூட்டு புதுசு. யாரோ மாத்தியிருக்காங்க. ஏன் மாத்தினாங்க? ஒழுகியிருக்கணும். ஒழுகினது எங்க போகும்? கீழ. தரையைத் திறந்து காட்டுங்கன்னு இவரை மூணு தடவை கேட்டேன்."

"மூணு தடவையும் பதில் சொல்லிட்டேன்," என்றான் தம்பி. "என்னென்ன சோதிக்கலாம்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்கு. தரை அதுல இல்லை."

"ஒப்பந்தம் நமக்குள்ள சார்," என்றார் தலைமை மெக்கானிக். "கருவி தொலைஞ்சா என் விதிதான் செல்லும். இப்போ தரையைக் கழட்டத்தான் போறேன்."

"இங்க வேண்டாம்! முதல்ல வெளியில தேடுங்க. றெக்கையில தேடுங்க. அந்தப் பொண்ணு வீட்டுல தேடுங்க!"

"சார்," என்றார் இன்ஸ்பெக்டர், "காலைல திருடனைப் பிடின்னீங்க. இப்போ தேடாதேங்கறீங்க. ஒரு முடிவுக்கு வாங்க."

எல்லோரும் திரும்பி நடந்தார்கள். அக்கா பாத்ரூமிலிருந்து வெளியே வரும்போதும் அந்த இடத்தில் ஒரு நீள எட்டு வைத்தாள். இன்ஸ்பெக்டர் அவளுக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார்.

*

உள்ளே திருகாணிகளைக் கழற்றும் சத்தம். அலுவலக அறையில் மேஜைக்கு ஒரு பக்கம் இன்ஸ்பெக்டர், பக்கத்தில் எழுதுவதற்கு ஏட்டு. முதலில் டார்ச்.

"நேத்து அஞ்சு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"கிளம்பிட்டேன். சீஃப் என் கூடவே கார் வரைக்கும் வந்தாரு. வழியனுப்பிட்டு அவர் திரும்பிப் போனதைப் பார்த்தேன்."

"தரையைத் திறக்கணும்னு ரொம்ப ஆசைப்பட்டது நீங்கதான்."

"ஆசையில்லை மேடம், சந்தேகம். திறக்கலைன்னா 'பார்க்காத இடம்'னு அறிக்கையில எழுதியிருப்பேன். அதோட என் வேலை முடிஞ்சுது. அதுக்குமேல வாங்கறது வாங்கறவர் இஷ்டம்."

அடுத்து தரகர். உட்காரும் முன்பே பேச ஆரம்பித்தார்.

"மேடம், என் ரெண்டு வருஷ உழைப்பு அந்த விமானத்துல நிக்குது. நானே போய்க் கண்ணாடியை எடுப்பேனா?"

"இன்னொரு பார்ட்டி காத்துக்கிட்டு இருக்காங்கன்னு நீங்க சொன்னதா தம்பி சொல்றாரு. இந்த வியாபாரம் கெட்டா அந்தப் பக்கம் உங்களுக்கு ஜாஸ்தி கிடைக்குமோ என்னவோ."

"ஐயோ! தரகன் அப்படித்தான் மேடம் சொல்லுவான். அப்படி யாருமே இல்லைங்கறது எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். இப்போ உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு. தயவு செஞ்சு அவங்க காதுல போடாதீங்க."

"அஞ்சு மணிக்கு?"

"டீ மெஷின் பக்கம். நான், தம்பி, அக்கா. மெக்கானிக்குங்க கை கழுவப் போயிட்டாங்க. விமானத்தை அப்பவே பூட்டியாச்சு. நான் போன்ல இருந்தேன். யார் எந்தப் பக்கம் போனாங்கன்னு பார்க்கலை."

தம்பி சொன்னதும் அதுதான். தானும் போனில் இருந்ததாகச் சொன்னான். குருவியைக் கேட்டபோது அவள் வேறொன்று சொன்னாள்.

"நேத்து பாத்ரூம்ல வேலை செஞ்சப்போ யாராவது பார்த்தாங்களா?"

"அக்கா அவங்க அப்பா சீட்ல உக்காந்து பார்த்துட்டே இருந்தாங்க மேடம். பேச்சுக் குடுத்தாங்க. குடிக்கத் தண்ணி கூட எடுத்து வந்து குடுத்தாங்க. நல்லவங்க. தம்பி பின்பக்கமே வரலை. தரகர் போனை விட்டாத்தானே வருவாரு."

கடைசியாக அக்கா வந்தாள். தோல் பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"விமானத்தை விக்கறதுல உங்களுக்குச் சம்மதம்தானே?"

"சம்மதம்தான். அப்பா இல்லாம அதுல ஏற எனக்குப் பிடிக்கலை. ஆனா எல்லா முடிவும் தம்பிதான் எடுக்கறான். கையெழுத்துப் போடற அதிகாரம் அவன்கிட்ட."

"நேத்து அஞ்சு மணிக்கு?"

"டீ மெஷின் பக்கத்துல இருந்தேன்." சற்று நிறுத்தினாள். "அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகும் மேடம்? வேற வழியே இல்லையா?"

"கண்ணாடி கிடைச்சா வழி இருக்கு."

அவள் கண் கலங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். ஏட்டு எழுதியதைப் படித்துக் காட்டிக் காகிதத்தை நீட்டினார்.

"பேனா இருக்குமா?" என்றாள்.

ஏட்டு தன் பேனாவைக் கொடுத்தார். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதும், "என் வீட்டம்மா பை இதுல பாதி இருக்கும் மேடம்," என்றார். "அதுலயே ஒரு குடும்பம் நடத்தலாம். இவங்க பையில ஒரு பேனா இல்லை, ஒரு கைக்குட்டை இல்லை."

இன்ஸ்பெக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டார்.

உள்ளே திருகாணிச் சத்தம் நின்றிருந்தது.

*

கம்பளத்தைச் சுருட்டி வைத்திருந்தார்கள். தடிமனான புதுப் பலகை சுவரில் சாய்ந்திருந்தது. தரையில் திறந்திருந்த குழியைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். டார்ச் குனிந்து வெளிச்சம் அடித்தார்.

தரையைத் தாங்கும் உலோகச் சட்டங்களின்மேல் பச்சை வண்ணம் பூசியிருந்தது. அந்த வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. தலைமை மெக்கானிக் ஒரு கொப்புளத்தை ஸ்க்ரூ டிரைவரால் தொட்டார். நுனி உள்ளே இறங்கியது. சாம்பல் பொடி கொட்டியது.

"பிஸ்கட் மாதிரி இருக்கு," என்றார் மெதுவாக. "பாத்ரூம் தண்ணி ரொம்ப நாள் ஒழுகியிருக்கு. அரிச்ச இடத்தை வெட்டி எடுக்காம மேல பெயின்ட் அடிச்சு, கெட்டிப் பலகையைப் போட்டு மூடியிருக்காங்க."

டார்ச் போனை வெளியே எடுத்தார். படமெடுக்கத் தொடங்கினார்.

"கண்ணாடி?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"இல்லை மேடம். நல்லாத் தேடிட்டோம். இங்க இல்லை."

"அப்போ நான் சொன்னது சரிதான்!" தம்பியின் குரல் உயர்ந்தது. "இந்தப் பொண்ணு அதை எங்கயோ தொலைச்சிருக்கு. மத்ததெல்லாம் வேற விஷயம், எனக்கு எதுவும் தெரியாது. இவ லைசென்ஸை முதல்ல முடக்குங்க. இவளை ஜீப்பில ஏத்துங்க!"

குருவி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் கீழ வாங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

*

கருவிப் பெட்டிக்கு முன்னால் அரைவட்டமாக நின்றார்கள். இன்ஸ்பெக்டர் தலைமை மெக்கானிக்கிடம் திரும்பினார்.

"நேத்து சாயங்காலம் கார் வரைக்கும் போய்த் திரும்பி வந்தீங்க. அப்புறம் எண்ணிப் பூட்டினீங்க. அதே மாதிரி இப்போ செஞ்சு காட்டுங்க. ஒண்ணு கூட மாத்தாதீங்க."

அவர் கேட்டுப் பக்கம் போனார். திரும்பி நடந்து வந்தார். பெட்டியைத் தாண்டினார். அலுவலகக் கதவோரம் பலகைக்கு முன்னால் போய் நின்று, விரலை முதல் ஆணிமேல் வைத்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு..."

விரல் நின்றது. அவர் முகம் சுருங்கியது.

"எதை எண்ணறீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வில்லையை மேடம்." தொண்டையைச் செருமினார். "எல்லா வில்லையும் ஆணிக்கு வந்துடுச்சுன்னா எல்லாக் கருவியும் பெட்டிக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம். இத்தனை வருஷமா அப்படித்தான்... இழுப்பறையைத் திறந்து பார்க்கறது காலையில மட்டும்தான்."

"ஒரு மெக்கானிக் எடுத்தா வில்லை போடுவாரு. வில்லையே இல்லாத ஆள் எடுத்தா?"

தலைமை மெக்கானிக் ஆணியிலிருந்து விரலை எடுத்தார்.

"அப்போ ராத்திரி பூட்டுக்குள்ள எந்த அதிசயமும் நடக்கலை. குருவி கண்ணாடியை வெச்சுட்டுக் கை கழுவப் போனா. நீங்க வழியனுப்பப் போனீங்க. நீங்க திரும்பி வர்றதுக்குள்ள ஒருத்தர் இழுப்பறையைத் திறந்து எடுத்துட்டாங்க. நீங்க வில்லைங்களை எண்ணி, காலிக் குழியை உள்ள வெச்சே பூட்டினீங்க. அந்த நேரத்துல பக்கத்துல இருந்தது மூணு பேர்."

தரகர் ஒரு போனைப் பையில் போட்டார். இரண்டாவதையும் போட்டார்.

"விமானம் பறக்கக் கூடாதுங்கறது மட்டும்தான் ஆசைன்னா முதல் இழுப்பறையில கைக்கு வந்ததை எடுத்திருக்கலாம். இந்த ஆள் நாலாவதைத் திறந்து, நேத்து பாத்ரூம்ல வேலை செஞ்ச அதே கண்ணாடியை எடுத்திருக்காங்க. ஏன்? கருவி கடைசியா வேலை செஞ்ச இடத்துலதான் முதல்ல தேடுவாங்கன்னு சீஃப் பாடம் நடத்தியிருக்காரு. பறக்கறதை நிறுத்தறது இல்லை இவங்க எண்ணம். அந்தத் தரையைத் திறக்க வைக்கறதுதான்."

"நான் இல்லை," என்றார் தரகர் உடனே.

"நீங்க இல்லை. வியாபாரம் கெட்டா அழற முதல் ஆள் நீங்க. இந்தக் கண்ணாடி எங்க வேலை செஞ்சுதுன்னும் உங்களுக்குத் தெரியாது. தம்பியும் இல்லை. தரையை மூடி வைக்கத்தான் அவர் காலைலேர்ந்து கத்தறாரு."

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

"என்ன உளர்றீங்க?" என்றான் தம்பி. "என் அக்காவா?"

"உங்க அக்காவுக்கு அந்தத் தரையைத் தெரியும். இப்போ அந்த இடம் கல்லு மாதிரி இருக்கு. என் ஏட்டு குதிச்சுப் பார்த்தாரு. டார்ச் ரெண்டு காலையும் ஊன்றி நின்னாரு. அவருக்குச் சந்தேகம் இருந்துச்சு, எங்கன்னு தெரியாது. இவங்க மட்டும் போறப்போ ஒரு தடவை, வர்றப்போ ஒரு தடவை அந்த இடத்தைத் தாண்டித்தான் கால் வெச்சாங்க. கெட்டியான தரையை யாராவது தாண்டுவாங்களா? அது கெட்டியா இல்லாத காலத்துல பழகின கால் அது. மனசு மறந்தாலும் கால் மறக்காது."

அக்கா தோள் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மா, அந்தப் பையைக் காலைலேர்ந்து நீங்க திறக்கவே இல்லை. கண்ணைத் துடைக்கக்கூடத் திறக்கலை. இப்போ திறங்க."

அவள் பையின் ஜிப்பை இழுத்தாள். கைக்குட்டையில் சுற்றிய கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

"காலையில உள்ள போய் அந்தத் தொட்டிக்குப் பின்னால போட்டுடலாம்னு இருந்தேன்," என்றாள். "அதுக்குள்ள நாடா கட்டிட்டாங்க. அப்புறம் என்ன பண்றதுன்னே தெரியலை."

"அக்கா! ஏன்க்கா?"

"கடைசிப் பயணத்துல அப்பாவைக் கைத்தாங்கலா பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்த இடத்துல அவர் கால் அமுங்குச்சு. 'என்னம்மா, தரையெல்லாம் மெத்தை போட்டு வெச்சிருக்கே'ன்னு சிரிச்சாரு. அன்னைலேர்ந்து நான் அதுல கால் வெச்சதில்லை. உன்கிட்ட சொன்னேன். சரி பண்ணிட்டேன்னே. நேத்து தரையைத் திறந்து காட்ட மாட்டேன்னு நீ இவர்கிட்ட அடம் பிடிச்சப்பவே தெரிஞ்சுது நீ என்ன பண்ணியிருக்கேன்னு."

"இவர்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே," என்று இன்ஸ்பெக்டர் டார்ச்சைக் காட்டினார்.

"என் தம்பி பொய்யன்னு நானே சொல்றதா? எங்க அம்மா காதுக்குப் போனா உடைஞ்சு போயிடுவாங்க. தரையே வாயைத் திறந்து சொல்லட்டும்னு நினைச்சேன். வாங்கறவங்க பிள்ளைகுட்டியோட கடல்மேல பறக்கப் போறவங்க." குருவியின் பக்கம் திரும்பினாள். "பழி உன்மேல விழும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சப்புறம் எத்தனையோ தடவை சொல்லிடலாம்னு வாயெடுத்தேன்."

"எடுத்தீங்க, சொல்லலையே!" என்றாள் குருவி. "உங்க வீட்டுச் சண்டைக்கு என் லைசென்ஸா கிடைச்சுது? தண்ணி குடுத்தீங்க, நல்லவங்கன்னு இந்த மேடம்கிட்ட நானே சொன்னேன்."

அக்கா தலைகுனிந்தாள்.

ஏட்டு புகார்க் காகிதத்தை எடுத்து வந்தார். இன்ஸ்பெக்டர் அதைத் தம்பியிடம் நீட்டினார்.

"இது உங்க கையெழுத்து. யாரா இருந்தாலும் விடக் கூடாதுன்னு சொன்னீங்க. ஆள் கிடைச்சாச்சு. பேரை எழுதட்டுமா?"

தம்பி காகிதத்தைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். "வேண்டாம்," என்றான். "வாபஸ் வாங்கிக்கறேன்."

"சரி. ஆனா அரிச்சதைப் பெயின்ட் அடிச்சு மறைச்சு விக்கப் பார்த்ததுக்கு வாங்கறவங்க ஒரு புகார் குடுப்பாங்கன்னு நினைக்கிறேன். அதை உங்களால வாபஸ் வாங்க முடியாது. ஊரை விட்டு எங்கயும் போகாதீங்க."

டார்ச் ஏற்கெனவே போனில் பேசிக்கொண்டிருந்தார். "இல்லைங்க, இன்னைக்குப் பறக்காது. தரைச் சட்டம் பூரா மாத்தணும். மாத்தினப்புறம் வேணும்னா புது விலை பேசலாம். உங்க பசங்களை இதுல ஏத்தாததுக்கு ஒரு அம்மாவுக்கு நீங்க நன்றி சொல்லணும்."

புது விலை என்ற சொல் காதில் விழுந்ததும் தரகர் ஒரு போனைப் பையிலிருந்து வெளியே எடுத்தார்.

தலைமை மெக்கானிக் இன்ஸ்பெக்டரிடம் வந்தார். "மேல எழுதத்தான் போறேன் மேடம். ஆனா குருவியைப் பத்தி இல்லை. நான் எதை எண்ணினேன்னு எழுதப் போறேன்."

குருவி கைக்குட்டையை அவிழ்த்து அக்காவிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடியை நான்காவது இழுப்பறையின் குழியில் வைத்து அழுத்தினாள். மஞ்சள் மறைந்தது.

தலைமை மெக்கானிக் முதல் இழுப்பறையை இழுத்துக் கருவிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். இரண்டாவது, மூன்றாவது. நான்காவதும் முடிந்தது. கடைசி இழுப்பறையையும் எண்ணி மூடிவிட்டுச் சாவியை எடுத்தார்.

"இன்னொரு தடவை எண்ணுங்க சீஃப்," என்றாள் குருவி.

அவர் சாவியைக் கீழே வைத்துவிட்டு முதல் இழுப்பறையை மறுபடியும் இழுத்தார்.